அளக்கிற நாழியும் அகவிலையும்: பொட்டலப் பண்டங்களின் அளவு பற்றிய வரலாற்று ஆராய்ச்சி

1. முன்னுரை

'அளக்கிற நாழி அகவிலை அறியுமா?' என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அகவிலை என்பது தவசத்தின் விலை. நெல்லை நாள்தோறும் அளந்து தள்ளும் நாழி, அந்நெல் மலிந்ததா அருகியதா என்பதை அறியாது. ஒரு பொருளோடு நாளும் பழகியும் அதன் மதிப்பை அறியாதாரைச் சுட்டுதற்கு இம்மொழி ஆளப்படுகின்றது. ஆயினும் இதன் அடியில் வாணிக உலகின் உண்மை ஒன்று கிடக்கின்றது. நாழி அகவிலையை அறியாதிருத்தல் அதன் குறையன்று. அதுவே அதன் நடுவுநிலைமை. பஞ்சக் காலத்தில் அது சுருங்குவதில்லை. விளைச்சல் மிக்க காலத்தில் விரிவதுமில்லை. விலை ஏறினும் இறங்கினும் அளவு நிற்கும் என்னும் நம்பிக்கையின் மேல்தான் கொள்வோரும் கொடுப்போரும் கடைத்தெருவில் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர்.

இன்று மளிகைக்கடையில் நிலைமை வேறாகிவிட்டது. பத்து ரூபாய்க்கு விற்ற பிசுக்கோத்துப் பொட்டலம் இன்றும் பத்து ரூபாய்க்கே விற்கப்படுதல் கூடும். மேலுறையின் நிறமும் படமும் மாறாதிருக்கும். உள்ளிருக்கும் எடை மட்டும் குறைந்திருக்கும். எடையைப் பற்றிய எண் உறையின் மேல் அச்சிடப்பட்டே இருத்தலின் இதனைப் பொய் எனச் சட்டம் கூறுவதில்லை. கொண்டவரோ தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கின்றனர். எழுதப்பட்ட எண் மெய்யாயிருப்பினும் வாணிகம் நேர்மை குன்றியதாதல் கூடுமோ என்னும் வினா இங்கு எழுகின்றது. இவ்வினாவைத் தமிழர்தம் அளவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலமே அளவாதல்

அளவைப் பெயர்களை இலக்கண நெறியில் நோக்கிய பழைய நூல் தொல்காப்பியம். அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது என்று எழுத்ததிகாரத்துத் தொகைமரபு வரையறுக்கின்றது. உரையாசிரியர் இவற்றுள் அளவுப் பெயர்க்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பனவற்றை எடுத்துக்காட்டுவர். கழஞ்சு, தொடி, பலம் முதலியன நிறைப் பெயர்கள். புணர்ச்சி விதிக்காகக் கூறப்பட்ட இச்செய்தியிலிருந்து சமுதாய வரலாற்றுக்கும் ஒரு பயன் கிடைக்கின்றது. சொற்களின் முதலெழுத்துகளை எண்ணி வரையறுத்துக் கூறும் அளவிற்கு அளவைப் பெயர்கள் ஒழுங்குபட்ட ஒரு தொகுதியாக வழக்கில் நிலைத்திருந்தன என்பதே அது.

மற்றொன்றும் கருதத்தகும். சாடி, பானை, மண்டை, அகல் என்பன வீட்டில் புழங்கும் கலங்கள். கலம் என்னும் சொல்லே ஏனத்தையும் பேரளவு ஒன்றையும் ஒருங்கே குறிக்கின்றது. பண்டத்தைக் கொண்டிருக்கும் ஏனமே பண்டத்தை அளக்கும் கருவியாயிற்று என்பது இதனால் விளங்கும். இன்றைய பொட்டலத்திலும் கொள்கலமே அளவாக நிற்கின்றது. ஆனால் பழைய கலம் வாய் திறந்தது. இன்றைய கலம் வாய் மூடியது. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பழங்கணக்கு வாய்பாட்டின்படி 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். இவ்வாறு கணக்கிடின் ஒரு நாழிக்கு 14,400 நெல்லும், ஒரு கலத்துக்கு 96 நாழியும் ஆகும். எல்லா அளவும் இறுதியில் நெல்மணியின் எண்ணிக்கையில் சென்று முடிதல் நோக்கத்தக்கது. ஐயம் எழுமாயின், யாரும் தம் கையால் எண்ணிப் பார்க்கத்தக்க பொருளையே அடிப்படையாகக் கொண்டு அளவை அமைந்தது. 14,400 நெல்லை ஒருவர் எண்ணினாரா இல்லையா என்பதன்று செய்தி. எண்ணலாம் என்னும் உரிமை வாய்பாட்டிலேயே வைக்கப்பட்டிருந்தது என்பதே செய்தி.

3. பொதியும் எழுத்தும்

பண்டத்தைப் பொதியாகக் கட்டி அதன்மேல் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் புதிதன்று. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் பண்டசாலையைக் கூறுமிடத்து, பிற நாட்டிலிருந்து வந்த வணிகர் தம் பெயர் பொறித்துக் கண்ணெழுத்து இட்டு எண்ணிக்கை குறித்து வைத்த பொதிகளைக் காட்டுகின்றது. உடையவர் பெயர், அடையாள எழுத்து, எண் என்னும் மூன்றும் பொதியின் மேல் இருந்தன. இன்றைய சட்டம் பொட்டலத்தின் மேல் வேண்டும் குறிப்புகளின் வேர் இதுவே எனல் மிகையாகாது. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் ஆட்பெயர் பொறித்த பானை ஓடுகள் பல கிடைத்துள்ளன. எகிப்து நாட்டுச் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறையிலும் தமிழ்ப் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. கலத்தின் மேல் எழுதுதல் இலக்கியக் கற்பனையன்று என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன.

பட்டினப்பாலையின் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு செய்திகளைத் தருகின்றார். ஒன்று, துறைமுகத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பண்டங்களின் மேல் அரசன் ஆட்கள் புலி இலச்சினை இட்டமை. மற்றொன்று, அந்நகர வணிகர் தம்முடைய பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நோக்கி, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் பண்டத்தின் விலையை வெளிப்படக் கூறி வாணிகம் செய்தமை. முன்னது அரசின் காவல். பின்னது வணிகரின் மனச்சான்று. இரண்டனுள் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் என்று புலவர் கருதவில்லை. இலச்சினை இட்ட நகரத்திலும் வணிகர் நெஞ்சம் நடுவுநிலை பிறழாதிருத்தல் வேண்டும் என்றே அவர் பாடினார். திருக்குறளும் துலாக்கோலை நடுவுநிலைமைக்கு உவமையாக்கி, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வணிகர்க்கு வாணிகம் என்று அவ்வதிகாரத்திலேயே வைத்துக் கூறுகின்றது.

மதுரைக் கூலக்கடைத் தெருவைக் காட்டும் சிலப்பதிகார ஊர்காண் காதை, நிறைகோல் உடையாரும், பறை கொண்டு அளப்பாரும், அம்பணம் கொண்டு அளப்பாரும் எங்கும் திரிந்ததாகக் கூறுகின்றது. அளத்தல் தெருவில் நிகழ்ந்தது; கண்முன் நிகழ்ந்தது. இக்காட்சியையும் பொதியின் மேல் எழுதிய காட்சியையும் சேர்த்து நோக்குக. தொலைவிலிருந்து வரும் பண்டத்துக்கு எழுத்துச் சான்று. கைக்கு வரும் பண்டத்துக்குக் கண் சான்று. எழுத்து, கண்ணுக்குத் துணையாக நின்றதேயன்றிக் கண்ணின் இடத்தைக் கவரவில்லை.

4. பெயருடைய அளவை

இடைக்காலக் கல்வெட்டுகளைப் பயில்வோர் ஒரு தொடரமைப்பை அடிக்கடி காண்பர். நெல் இத்தனை கலம் என்று கூறி அவை நிறுத்துவதில்லை; இன்ன பெயருடைய மரக்காலால் இத்தனை கலம் என்று கூறும். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் குறிக்கப்படுகின்றது. அஃது இராசகேசரி என்னும் அளவோடு ஒக்கும் என்பதும் உடன் கூறப்படுகின்றது. பொன் நிறுத்தற்கு 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகள் நிறுத்தற்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லும் ஆளப்பட்டன. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த அத்தளியில் இறைவன் பெயரே அளவைக்கும் இடப்பட்டது.

இதனை வெறும் பத்திமையின் வெளிப்பாடாகக் கொள்ளுதல் போதாது. பல அளவைகள் வழங்கிய நாட்டில் அளவையின் பெயரைக் கூறாத எண் பொருளற்றது. பத்துக் கலம் என்பது எந்த மரக்காலால் என்பது தெரிந்தாலன்றிப் பத்துக் கலமாகாது. ஆகவே கல்வெட்டெழுதியோர் அளவின் எண்ணையும் அளவையின் பெயரையும் அதற்கு ஒத்த மற்றோர் அளவையையும் சேர்த்தே வெட்டுவித்தனர். கோயிலின் அமுதுபடிக்கு அரிசி, பருப்பு, நெய் என்பன நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று சிற்றளவு வரையில் பகுத்து எழுதப்பட்டன. அவ்வெழுத்து எவரும் காணத்தக்க சுவரில், அந்நாட்டு மக்கள் பேசிய மொழியில் இருந்தது.

கல்வெட்டுகளிலிருந்து பெறப்படும் இக்கருத்தை மூன்று கூறுகளாகத் தொகுத்துரைக்கலாம். அளவைக்குப் பெயர் வேண்டும். அது நிலைபேறு உடையதாதல் வேண்டும். அஃது எல்லார்க்கும் வெளிப்படையாதல் வேண்டும். இம்மூன்றையும் அளவையின் மெய்ம்மைக்குரிய இலக்கணமாகக் கொண்டு மேற்செல்வோம்.

5. காசுக்கு இத்தனை என்னும் முறை

இங்கு ஒரு தடை எழுதல் இயல்பு. விலையை நிறுத்தி அளவைக் குறைத்தல் இக்காலத்தார் கண்டதன்றே. பழந்தமிழ்நாட்டிலும் காசு ஒன்றுக்கு நெல் இத்தனை என்றே விலை கூறப்பட்டதன்றோ எனலாம். இத்தடை வலியுடையது. காசை நிலையாக வைத்து நெல்லின் அளவை மாற்றி விலை கூறும் முறை கல்வெட்டுகளில் உண்டு. அண்மைக்காலம் வரையிலும் ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்பதே மக்கள் பேச்சு. பதின்ம எடையளவு நாட்டில் நடைமுறைக்கு வந்த பின்னரும், 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே தமிழ்நாட்டு மேடைகளில் ஒலித்தது. வென்ற பின் அவ்வாண்டிலேயே அண்ணாதுரை தலைமையிலான அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று படி ஒரு படியாயிற்று என்பதை நாடறியும். அதனை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் படியைக் கொண்டே வழக்காடினர். படி எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் வேறுபாடில்லை.

தடைக்கு விடை இதனுள்ளேயே இருக்கின்றது. காசுக்கு எட்டு நாழி என்பது காசுக்கு ஆறு நாழி என மாறும்போது மாறியது நாழியின் எண்ணிக்கை, நாழி மாறவில்லை. மாறிய எண்ணிக்கை கடைத்தெருவில் வாய்விட்டுக் கூறப்பட்டது. அதுவே அன்றைய விலை. இன்றைய பொட்டலத்திலோ மாறுவது நாழியே. பொட்டலம் ஒன்று பத்து ரூபாய் என்பதே வாயால் கூறப்படுவது. அப்பொட்டலத்தின் அளவு கூறப்படாது. உறையின் ஓரத்தில் எழுத்தாய் அடங்கும். ஆகவே குற்றம் அளவு குறைந்ததில் இல்லை; குறைந்த அளவு பழைய பெயரையும் பழைய முகத்தையும் தாங்கி வருதலில் இருக்கின்றது. விலையேற்றத்தைக் கூறும் மொழி மாறியதன்று, அது மொழியப்படாமற் போனதே இக்காலத்துப் புதுமை.

களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை ஒன்று என்னாது 'லாபம்' என்று கூறி, பின் இரண்டு, மூன்று என உரக்க எண்ணுதல் மரபு. மங்கல வழக்காயினும் அதன் பயன் வேறு: அளப்பவர் எண்ணிக்கையைச் சுற்றி நிற்போர் அனைவரும் கேட்கின்றனர். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது தொடங்குமுன்னரே பேசி முடிக்கப்படும். கடைக்காரர் அளவுக்கு மேல் போடும் 'கொசுறு' என்னும் சொல்லும் இவ்வுலகைச் சேர்ந்தது. அளவு நிலையாயிருந்தாலன்றி அதற்கு மேற்பட்டது எது என்பதை அறிய இயலாது. அளவே அசையுமாயின் கொசுறுக்கு இடமில்லை. அளவு குறைந்த பொட்டலத்தின் மேல் சில வேளை காணப்படும் 'கூடுதல் இலவசம்' என்னும் அறிவிப்பைக் கொசுறு என்று கொள்ளுமுன், எதற்குக் கூடுதல் என்று கேட்டல் நன்று.

பழைய முறை குற்றமற்றது என்று கூற நாம் முற்படவில்லை. ஊருக்கு ஒரு படி வழங்கிற்று. பட்டணம்படி வேறு, சின்னப்படி வேறு. சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்னும் வாய்பாடு வழங்க, வடநாட்டிலோ சேரும் மணங்கும் வேறு கணக்கில் வழங்கின. கொள்ளும் மரக்கால் பெரிதும் கொடுக்கும் மரக்கால் சிறிதுமாக வைத்திருப்பார் எக்காலத்தும் உண்டு. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாமையைப் புலவர் புகழ்ந்தமையே அவை நிகழ்ந்தன என்பதற்குச் சான்று. ஆயினும் பழைய ஏமாற்று, கருவியைப் பொய்யாக்கிய ஏமாற்று. அதனைக் கண்டால் குற்றம் என்று சுட்டலாம். மெய்யான கருவியைக் கொண்டே கொள்வோர் நினைவைத் தோற்கச் செய்தல் பொட்டலக் காலத்துக்கு உரியது.

6. பதின்ம முறையும் பொட்டலச் சட்டமும்

1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தால் இந்தியா பதின்ம முறையை மேற்கொண்டது. 1957 ஏப்பிரலில் பதின்ம நாணயமும், 1958 அக்டோபர் தொடங்கிப் பகுதி பகுதியாகப் புதிய எடைகளும் நடைமுறைக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் அவை கட்டாயமாயின. ஆடவல்லானும் இராசகேசரியும் முன்பே மறைந்தன. வீசையும் மணங்கும் இப்போது மறைந்தன. கிலோகிராம் என்னும் ஒரு பெயர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. பெயர், நிலைபேறு என்னும் இரண்டும் அதுகாறும் இல்லாத அளவிற்கு உறுதிப்பட்டன. முத்திரை ஆய்வாளர் கடைக்குக் கடை சென்று தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடுதல் புலி இலச்சினையின் தொடர்ச்சியே.

ஆனால் அக்காலத்தை ஒட்டியே பண்டம் கடைக்காரரின் சாக்கிலிருந்து ஆலையின் உறைக்குள் புகத் தொடங்கிற்று. பழைய மளிகைக்கடையில் துவரம்பருப்பு தராசில் நிறுக்கப்பட்டுச் செய்தித்தாளில் பொட்டலமாகிச் சணல் நூலால் கட்டப்பட்டது. கொள்வோர் கண் முள்ளின் மேல் இருந்தது. ஆலைப் பொட்டலத்தில் நிறுத்தல் எங்கோ ஓரிடத்தில், என்றோ ஒரு நாளில் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. முத்திரை ஆய்வாளர் சோதிக்கும் தராசு கடையில் இருக்க, பண்டமோ அத்தராசில் ஏறாமலே கை மாறுகின்றது.

இம்மாற்றத்தை எதிர்கொள்ள எழுந்தவை 1976ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டமும் 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளும். பின்னர் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் இடத்தைப் பெற்றன. செய்தவர் பெயரும் முகவரியும், பண்டத்தின் பொதுப்பெயர், உறை நீங்கலான நிகர அளவு, செய்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை பொட்டலத்தின் மேல் இருத்தல் வேண்டும் என்பது விதி. எழுத்தின் உயரம் இவ்வளவு என்பதும் வரையறுக்கப்பட்டது.

மொழியாராய்ச்சி செய்வோர்க்குச் சுவை தரும் விதி ஒன்று இவற்றுள் உண்டு. நிகர அளவைக் குறிக்குமிடத்து 'ஏறத்தாழ', 'சராசரி', 'குறைந்த அளவாக' என்பன போன்ற பொருளுடைய அடைசொற்களைச் சேர்த்தல் கூடாது என்று விதி விலக்குகின்றது. ஒரு சொல்லால் எண்ணின் உறுதி நெகிழும் என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கின்றது. இன்ன மரக்காலால் என்று வரையறுத்த கல்வெட்டுத் தொடரும், ஏறத்தாழ என்பதை விலக்கிய இவ்விதியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

அவ்விதிகளின் இரண்டாம் அட்டவணை இன்னும் முதன்மையானது. தேயிலை, காப்பி, உப்பு, பிசுக்கோத்து, ரொட்டி, சமையல் எண்ணெய் முதலிய பண்டங்களை இன்ன இன்ன அளவுகளில் மட்டுமே பொட்டலமாக்கலாம் என்று அது வரையறுத்தது. வாய் மூடிய கலத்துக்கு நாழியின் நிலைபேற்றை அளிக்க முயன்ற ஏற்பாடு அது. ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்குத் தாவலாமேயன்றி, ஐந்தைந்து கிராமாகத் தேய்த்துக்கொண்டு செல்லுதல் அவ்வட்டவணைக்கு உட்பட்ட பண்டங்களில் எளிதன்று. 2021 நவம்பரில் வெளியிடப்பட்ட திருத்தத்தால் இவ்வட்டவணை நீக்கப்பட்டது. திருத்தம் பின்னர் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைக்கு ஈடாக அலகு விற்பனை விலை என்னும் புதிய குறிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு கிலோவிற்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையும், மிகுந்த பொட்டலத்தில் ஒரு கிலோவின் விலையும் அச்சிடப்படல் வேண்டும்.

7. நாழி அகவிலையை அறிந்த நிலை

அளவு குறைதலின் கணக்கு, பார்த்த அளவில் தோன்றுவதினும் மிகுதியானது. பத்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்று 100 கிராமிலிருந்து 80 கிராமாகக் குறைந்ததெனக் கொள்வோம். அளவில் குறைந்தது ஐந்தில் ஒன்று. விலையோ, 100 கிராமுக்கு 10 ரூபாயாக இருந்தது 12 ரூபாய் 50 காசாகின்றது. அஃதாவது நான்கில் ஒன்று ஏறுகின்றது. பழைய கீழ்வாய் இலக்கத்தில் கூறின், அளவு நாலுமா குறைய விலை கால் ஏறும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களைப் பயின்ற பழைய திண்ணைப்பள்ளி மாணவர் இதனை மனக்கணக்காகவே கூறியிருப்பர். உறையில் எழுதிய எண்ணைக் கண்டவரும் இக்கணக்கைச் செய்தாலன்றி ஏற்றத்தை அறியார். கணக்கைச் செய்வதற்கு வேண்டிய பழைய எண்ணோ உறையின் மேல் இராது. மேலுறை 'இன்று' இருப்பதைக் கூறும். 'நேற்று' இருந்ததைக் கூறாது.

செய்வோர் பக்கத்து நியாயமும் கூறப்படல் வேண்டும். கோதுமையும் எண்ணெயும் சர்க்கரையும் விலை ஏறும்போது செலவு எங்கேனும் சென்று சேர்ந்தேயாக வேண்டும். ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் கையிலுள்ள நாணயத்துக்கு ஒத்த விலைகள். பதினொரு ரூபாய்ப் பொட்டலம் ஏழை வீட்டுச் சிறுவர் கைக்கு எட்டாது போகலாம். இவ்வாதத்தை நாம் தள்ளவில்லை. ஆயினும் நாணயத்துக்கு ஏற்ப அளவை மாற்றுவதற்கும், மாற்றியதை மறைப்பதற்கும் வேறுபாடுண்டு. காசுக்கு ஆறு நாழி என்று கூவி விற்றவரும் நாணயத்துக்கு ஏற்பவே அளவை மாற்றினார். ஆனால் கூவி மாற்றினார். சிறு பொட்டலம் வாங்குவோர் பெரும்பாலும் நாட்கூலி பெறுவோர் என்பதும் நினைக்கத்தக்கது. அளவின் தேய்வு அவர்கள் சுமையாகவே முடிகின்றது.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2012 சனவரி முதல் 2017 சூன் வரையிலான விலைப் பதிவுகளை ஆராய்ந்து, 2,529 பண்டங்கள் அளவில் குறைந்தன என்றும் 614 பண்டங்களே அளவில் பெருகின என்றும் கண்டது. குறைந்தவற்றுள் பெரும்பாலானவற்றில் விலை மாறவில்லை. பிரான்சு நாடு 2024 சூலை 1 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய கடைகளில், அளவு குறைந்து அலகு விலை ஏறிய பண்டத்தின் அருகில் அச்செய்தியை இரண்டு மாதம் எழுதி வைத்தல் வேண்டும் என்பது அவ்விதி. நேற்று இருந்த எண்ணை இன்றைய எண்ணோடு சேர்த்துக் காட்ட அது முயல்கின்றது. 'ஆடவல்லான் இராசகேசரியோடு ஒக்கும்' என்று எழுதியோர் கருதியதும் இத்தகைய ஒப்பீட்டையே. புதிய அளவை வருமிடத்துப் பழைய அளவையோடு அதன் உறவைக் கூறுதல் எழுதுவோர் கடன்.

8. எழுத்தும் வாய்மையும்

அளவின் மெய்ம்மைக்கு நாம் வகுத்த மூன்றனுள் பெயர் இன்று உறுதியாக உள்ளது. நிலைபேறு, அட்டவணையோடு நீங்கியது. எஞ்சியது வெளிப்படை. அலகு விலை அதனைக் காக்க வந்த விதியே. ஆனால் எழுதப்பட்டது எல்லாம் வெளிப்படையாகுமா என்பதை மொழித்துறையினராகிய நாம் கேட்டல் கடமை.

விதிகளின்படி பொட்டலத்தின் மேலுள்ள கட்டாயக் குறிப்புகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற மொழிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தேயாக வேண்டும் என்பதில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளும் இந்நெறியினவே. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் வழிவந்த விதிகள், உணவில் சேர்ந்த பொருள்களை எடையால் மிக்கது முதலாக இறங்குமுறையில் எழுதச் செய்கின்றன. நெய், தேன், பாதாம் என்று உறையின் முகத்தில் பெரிதாகக் காட்டப்பட்டது, புறத்தே உள்ள பட்டியலில் எத்தனையாவதாக நிற்கின்றது என்று பார்த்தால் முகத்துக்கும் அகத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். மிகச் சிறந்த ஏற்பாடு இது. ஆயின் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் ஒருவர்க்கு இப்பட்டியலால் விளையும் பயன் யாது? பண்டத்தின் பெயர் தமிழில் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். அளவும் சேர்பொருளும் அலகு விலையும் பிற மொழியில் இருக்கும். கவரும் பகுதி தாய்மொழியிலும் காக்கும் பகுதி வேற்று மொழியிலும் அமைந்த பொட்டலம், எழுத்தளவில் மெய்யானது; பயனளவில் ஊமை.

திருக்குறள் வாய்மையை வரையறுக்குமிடத்துச் சொல்லின் உள்ளதுகூறும் தன்மையோடு நில்லாது, அச்சொல் கேட்போர்க்குத் தீங்கு பயவாமையை அதன் இலக்கணமாக்கியது. இவ்வளவுகோலால் நோக்கின், உள்ளதை எழுதிவிட்டேன் என்பது வாய்மையின் தொடக்கமே. கொள்வோர் அறிய எழுதினேன் என்பதே அதன் நிறைவு. முன்னுரையில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும். மெய்யான எண்ணைத் தாங்கிய பொட்டலமும், அந்த எண் மாறியதை மறைக்குமாயின், நேர்மையான அளவாகாது.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் போதருவன வருமாறு. தமிழர்தம் அளவை மரபு, அளவைக்குப் பெயரும் நிலைபேறும் வெளிப்படையும் வேண்டிற்று. காசுக்கு இத்தனை என்று அளவை மாற்றி விற்கும் முறை அம்மரபிலும் உண்டு. ஆயின் மாறியது எண்ணிக்கையே, அளவையன்று. மாற்றமும் வாய்விட்டுக் கூறப்பட்டது. பொட்டலக் காலம் அளத்தலைக் கண்ணிலிருந்து மறைத்தது. மறைந்த கண்ணுக்கு ஈடாக எழுத்து வந்தது. அவ்வெழுத்து பழைய அளவையும் காட்டி, அலகு விலையைப் பெரிதாகவும் கொள்வோர் மொழியிலும் கூறுமாயின் நாழியின் நடுவுநிலைமை மீளும். இல்லையேல் எழுத்து இருந்தும் கண் இல்லாத நிலையே நீடிக்கும்.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் பணி உண்டு. ஊர்தோறும் வழங்கிய படி, மரக்கால், வட்டி, வள்ளம் முதலியவற்றின் பெயர்களும், அளக்கும்போது கூறும் சொற்களும் முதியோர் நாவிலேயே எஞ்சியுள்ளன. அவற்றைத் தொகுத்தல் வேண்டும். அலகு விலை, நிகர அளவு, சேர்பொருள் முதலியவற்றுக்குக் கடைத்தெருவில் நிற்பார்க்கு விளங்கும் எளிய தமிழ்ச் சொற்களை நிலைப்படுத்திச் சட்டம் இயற்றுவோர் கையில் அளித்தலும் வேண்டும். அகவிலை என்னும் சொல் அரசு ஊழியர்க்கு வழங்கும் 'அகவிலைப்படி'யில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. விலை ஏறும்போது ஊதியத்தைக் கூட்டும் கணக்கில் அச்சொல் நின்றதுபோல, விலை ஏறியதை உள்ளவாறு கூறும் பொட்டலத்தின் மேலும் அது நிற்குமாயின், மளிகைக்கடைக்கு வரும் எளியோர் தாம் கொடுக்கும் விலையைத் தாமே அறிவர்.